எந்தக் கடை

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து பத்துக்கு, அக்காவின் மகள் வீட்டில் இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. கல்லூரி முடிந்து மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டி வந்து இறங்கி நான் வீட்டை அடைந்தபோது, இரும்புக் கேட் ஒரு சாண் அளவுக்குத் திறந்திருந்தது. அம்மா பின்பக்கம் கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா எங்கம்மா?"

"உள்ள தூங்குது."

உள்ளே பாய் மட்டும் விரிந்து கிடந்தது. வாசலில் அவளுடைய செருப்பு இல்லை. என்னை முதலில் பயமுறுத்தியது அதுதான். மூன்றரை வயதுக் குழந்தை விளையாட்டுக்காக வெளியே ஓடினால் செருப்பைத் தேடிக்கொண்டிருக்காது. ஓர் இடத்துக்குப் போவதென்று முடிவு செய்தால்தான் செருப்பைப் போட்டுக்கொள்ளும்.

எங்கள் தெரு முடியும் இடத்தில், தொழிற்பேட்டைக்குச் செல்லும் சாலை குறுக்கே ஓடுகிறது. இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகள் பகல் முழுவதும் அதில் போய்க்கொண்டிருக்கும். சென்ற மார்கழியில், வேலை முடிந்து பைக்கில் திரும்பிய மாமா, என் அக்காவின் கணவர், அந்தச் சாலையில்தான் லாரி மோதி இறந்தார். நான் ஓடினேன். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை.

தெருமுனை மளிகைக் கடையில், அரிசி மூட்டையின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். கடைக்கார அண்ணாச்சி ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் யாருக்கோ பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நல்லவேளை வந்த. பிள்ள ஒத்தையில வந்து நிக்கி. என்ன வேணும்னு கேட்டா, 'எங்க நைனாவ அனுப்புங்க'ங்கு. நான் என்னத்தச் சொல்ல?"

அவள் அழவில்லை. சலிப்போடு என்னைப் பார்த்தாள்.

"சித்தி, நைனா இந்தக் கடையில இல்லியாம். அம்மாவும் இல்லியாம். எந்தக் கடை சித்தி?"

நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். கடை என்ற அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும்.

மாமாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். அவர் ஷிப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் காலைக் கட்டிக்கொண்டு அழுவாள். அழுகையைத் தவிர்க்க அவர் கண்ட வழி, "கடைக்குப் போய்ட்டு வரேன்" என்று சொல்வது. கடை என்றால் அருகில்தான். போனவர் உடனே வந்துவிடுவார். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

"இன்னா வாங்கியாருவ நைனா?"

"உனக்கு ஒரு தம்பி வாங்கியாரட்டா? சீப்பா கெடைக்குது."

"தம்பி வேணாம். பன்னு."

மாலைத் தேநீருடன் கம்பெனியில் தரும் பன்னை அவர் தின்னாமல் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் எடுத்து வருவார். நசுங்கிய அந்தப் பன்தான் அவர் கடைக்குப் போனதற்குச் சாட்சி. இப்படி ஒரு பொய், தினந்தோறும் சான்றோடு வீட்டுக்கு வந்து, அவளுக்கு உண்மையாகிப் போயிற்று.

அவர் இறந்த மறுநாள், கூட்டத்தின் நடுவே அவள் "நைனா எங்க?" என்று கேட்டாள். யாரோ ஒருவர் அவளுக்குப் பழகிய பதிலையே சொன்னார்: "கடைக்குப் போய்க்கிறாரு." அதன்பின் வீட்டில் எல்லோரும் அதையே சொன்னோம். வேறு எதையும் சொல்வதற்கு அந்த நாட்களில் ஒருவரிடமும் வலுவில்லை.

இறந்தாரை இயற்கை எய்தினார் என்பது போல, அமங்கலமான ஒன்றை வேறு நல்ல சொல்லால் குறிப்பதை இலக்கணம் மங்கலம் என்கிறது. தேர்வில் அதற்கு எடுத்துக்காட்டுகள் எழுதியிருக்கிறேன். அந்த வழக்கு, இரு தரப்புக்கும் உண்மை தெரிந்திருந்தால்தான் செல்லும். கேட்பவருக்குத் தெரியாதபோது மங்கலம் வெறும் பொய்த் தகவல் ஆகிவிடுகிறது. இதை ஒருமுறை அம்மாவிடம் வேறு சொற்களில் சொல்லிப் பார்த்தேன்.

"உன் காலேஜு இலக்கணத்த ஊட்டுக்குள்ள கொண்டாராத" என்றார் அம்மா. "பச்ச மண்ணு அது. அதுக்கு இன்னா தெரியும்? நாளானா மறந்துடும்."

அவள் மறக்கவில்லை. பச்சை மிளகாய் வாங்க நான் பையை எடுத்தால் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அம்மா பால் வாங்கப் போனால் அவர் திரும்பும்வரை கேட்டின் கம்பியை விடமாட்டாள். நாங்கள் இதை அடம் என்றோம். ஒரு முறை பக்கத்து வீட்டுப் பெண் "செல்லங் குடுத்துக் குட்டிச்சுவராக்கிட்டீங்க" என்று சொல்லிச் சிரித்தார். சிறு குழந்தை உள்ள வீட்டாரிடம் எனக்கு ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது: குழந்தை காரணமின்றி அடம்பிடிப்பதாகப் பட்டால், அதற்குச் சற்று முன் நீங்கள் என்ன சொல் சொன்னீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் அது ஒரே சொல்லாக இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, அக்கா தொழிற்பேட்டையில் ஒரு பேக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். காலையில், அம்மா குழந்தைக்கு மதில்மேல் காகத்தைக் காட்டிக்கொண்டிருக்க, அக்கா பின்வழியாகப் போய் வேன் ஏறினாள். மதியம் குழந்தை கேட்டபோது அம்மா சொன்னார்: "அம்மா கடைக்குப் போய்க்கிறா." தூங்கி எழுந்த அவள் தானே செருப்பைப் போட்டுக்கொண்டு, இருவரையும் அழைத்து வரக் கிளம்பிவிட்டாள்.

ஆறரை மணிக்கு அக்கா வந்தாள். நடந்ததைச் சொன்னேன். கையிலிருந்த சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"சொல்லிடறேன்" என்றாள்.

"வேணான்டி" என்றார் அம்மா. "சாமிகிட்ட போய்ட்டாருன்னு சொல்லு. இல்ல, தூங்குறாருன்னு சொல்லு."

"அப்புறம் கோயில் கோயிலாப் போய்த் தேடும். இல்லன்னா ராத்திரி தூங்கவே பயப்படும். இன்னிக்கு ரோட்டு வரைக்கும் போய்க்குதேம்மா. ஒரு லாரி வந்திருந்தா?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

அக்கா தரையில் உட்கார்ந்து குழந்தையை எதிரே நிறுத்திக்கொண்டாள். முகத்துக்கு நேராகப் பேசினாள்.

"நைனா கடைக்குப் போகல. நைனா செத்துப்பூட்டாரு."

"செத்தான்னா இன்னா?"

"ஒடம்பு நின்னு போய்டும். சாப்பிடமாட்டாங்க. பேசமாட்டாங்க. அவுங்களுக்கு வலிக்காது. திரும்பி வரமாட்டாங்க."

"பன்னு எடுத்துக்கினு கூட வரமாட்டாரா?"

"வரமாட்டாரு."

"எந்தக் கடையிலயும் இல்லியா?"

"எந்தக் கடையிலயும் இல்ல."

அவள் வாசலைப் பார்த்தாள். ஷூ போட்டுக்கொண்டு வேலைக்குப் போன மாமாவின் ரப்பர் செருப்பு, இத்தனை மாதங்களாக யாரும் எடுக்காமல் அங்கேயே கிடந்தது.

"செருப்பு போடாமயே செத்துட்டாரா?"

அதைக் கேட்டதும் அக்கா அழுதாள். குழந்தை முன்னால் அழக் கூடாது என்று எல்லோரும் சொல்லி வைத்திருந்ததால், மார்கழியிலிருந்து அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். குழந்தை சற்று நேரம் தாயின் முகத்தையே பார்த்தாள். பிறகு, "நீயும் செத்துடுவியா?" என்று கேட்டாள்.

"நான் இங்கதான் கீறேன். இன்னிக்கு வேலைக்குப் போனேன். கடைன்னு பொய் சொல்லிட்டாங்க. இனிமே சொல்லமாட்டோம். நாளைக்கும் போவேன். நீ சோறு துன்னு, தூங்கி எழுந்து, ஆயா வெளக்கேத்தும்போது வந்துடுவேன்."

குழந்தைக்கு ஆறரை மணி என்றால் ஒன்றும் புரியாது. ஆயா, அதாவது என் அம்மா, விளக்கு ஏற்றுவது புரியும். அக்காவுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லக்கூடிய உண்மையைத் தேடியபோது அதுதான் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

"எனக்குப் பசிக்குது" என்றாள் குழந்தை.

ரசஞ்சோறு பிசைந்து கொடுத்தோம். சாப்பிட்டாள். நடுவில் ஒருமுறை சிரிக்கவும் செய்தாள். அவளுக்குப் புரியவில்லை என்று அம்மா முணுமுணுத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரியவர்களைப் போல ஒரு துக்கத்தைத் தொடர்ந்து சுமக்க அவளால் முடியாது. சற்றுக் கீழே வைத்துவிட்டு, பிறகு வந்து எடுத்துக்கொள்வாள். பாயில் படுத்ததும் எடுத்துக்கொண்டாள். "நைனா எங்க?" என்று மீண்டும் முதலிலிருந்து கேட்டாள். அக்கா அதே சொற்களில் பதில் சொன்னாள். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதே சொற்கள். பதிலை மாற்றினால் எங்கோ ஒரு கதவு திறந்திருப்பதாக அவள் நினைத்துக்கொள்வாள் என்பது எங்கள் இருவருக்கும் பேசிக்கொள்ளாமலே தெரிந்திருந்தது.

மறுநாள் காலை, அக்கா முன்வாசல் வழியாகவே கிளம்பினாள். குழந்தையின் கையைப் பிடித்து, "வேலைக்குப் போறேன், வெளக்கேத்தும்போது வரேன்" என்றாள். குழந்தை தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள். வேனில் இருந்த பெண் ஒருவர், "பாவம், ஏமாத்திட்டு வர்றதுதான?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அக்கா வேன் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

நான் வழக்கமாகப் போகும் ரயிலை விட்டுவிட்டேன். அழுகை அடங்கியதும், "கடைக்குப் போலாமா?" என்று கேட்டேன். அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் நானும் போய், பன்னு வாங்கினு, திரும்பி வந்துடலாம். கைய விடமாட்டேன்."

நெடுநேரம் யோசித்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

அண்ணாச்சி கல்லாவுக்குப் பக்கத்துப் பலகையைத் தூக்கி அவளை உள்ளே விட்டார். அவள் மூட்டைகளின் இடுக்கில் பார்த்தாள். எண்ணெய் டின்களுக்குப் பின்னால் பார்த்தாள். உள்ளறையின் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு வந்து, "இல்ல" என்றாள்.

"இல்ல" என்றேன் நானும்.

கண்ணாடி ஜாடியிலிருந்து ஒரு பன்னை அவளே எடுத்தாள். அதைக் காகிதத்தில் சுற்றித் தரச் சொன்னாள். வீடுவரை தின்னாமல் கையில் பிடித்தபடி வந்தாள். வாசலில் தன் செருப்பைக் கழற்றி, மாமாவின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் கேட்டைச் சாத்தி, அவள் கைக்கு எட்டாத மேல்கொக்கியை மாட்டினேன். பின் அவளோடு படியில் உட்கார்ந்து, அவள் பிய்த்துத் தந்த பாதிப் பன்னைத் தின்றேன்.