கோர்டிக்கு இல்லை என்று சொல்ல வராது

முப்பத்துநாலு வருடமாகத் துப்பாக்கிக் கடை கவுன்டரில் நிற்கிற ஆளுக்கு ‘இல்லை’ என்ற ஒரு சொல் வாயில் வராவிட்டால் என்ன ஆகும் என்று யாராவது தெரிந்துகொள்ள விரும்பினால், எங்கள் கோர்டி டெர்வோவை வந்து பார்க்கலாம். அவர் வீட்டில் மூன்று நாய்கள் இருக்கின்றன. மூன்றுமே ஊரை விட்டுப் போனவர்கள் “கொஞ்ச நாள் பாத்துக்கோ” என்று விட்டுப் போனவை. சுருதியே சேராத அந்தக் குரலை வைத்துக்கொண்டு சர்ச் பாடல் குழுவில் பத்து வருடமாகப் பாடுகிறார், பாதிரியார் கேட்டுவிட்டார் என்பதற்காக. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டவள் கார்லாதான். இவர் சரி என்றார். ஆறு வருடம் கழித்துப் பிரிந்துவிடலாமா என்று கேட்டவளும் அவள்தான். அதற்கும் சரி என்றார்.

நான் ஜெனின். அதே கடையில் எதிர்ப்பக்கம் மீன் தூண்டிலும் புழுவும் வேட்டை லைசென்ஸும் விற்கிறேன். பதினெட்டு வருடமாக இந்த மனிதரை எதிரில் வைத்துப் பார்த்துப் பார்த்து எனக்கு ரத்த அழுத்தம் வந்துவிட்டது. முதலாளி ஃபுளோரிடாவில் வெயில் காய்கிறார். ஆக, கடை எங்கள் இருவர் தலையில்.

எங்கள் பக்கம் மிச்சிகன் மாநிலத்தின் வடகோடி. நவம்பர் பதினைந்தாம் தேதி மான் வேட்டை தொடங்கும். அன்று பள்ளிக்கூடம்கூடக் கிடையாது. அக்டோபர் பிறந்தாலே ஊர் ஆண்களுக்குப் புத்தி ஒரு சுற்று குறைந்துவிடும். பல் டாக்டர் ஒருவர் வந்து, “இந்த வருஷம் மானெல்லாம் ரொம்பச் சின்னதா இருக்கு கோர்டி. அதுவும் எங்கேயோ தூரத்துலதான் நிக்குது” என்று குறைப்பட்டுக்கொண்டார். ரைஃபிளை வாங்கிப் பார்த்தால், மேலே இருக்கிற ஸ்கோப்பை, அதாவது குறி பார்க்கிற தொலைநோக்கியை, முன்பின்னாக மாட்டி வைத்திருக்கிறார். நானாக இருந்தால் அங்கேயே சிரித்திருப்பேன். கோர்டி சொன்னது இது: “இப்படியும் மாட்டலாம் டாக்டர், தப்பில்ல. திருப்பி மாட்டினா இன்னும் கொஞ்சம் நல்லாருக்கும்.” டாக்டர் தலையாட்டிவிட்டுப் போனார். தான் செய்தது தப்பு என்று இன்றைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவருக்கு ஒரே மாதிரி ரைஃபிள் நாலு இருக்கிறது. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் வெளியே எடுப்பார். கணவனிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று மனைவி நம்பிக்கொண்டிருக்கிறாள். நாலாவதை வாங்கிய அன்று, “பழசுல இருக்கிற கீறல் இதுலயும் வேணுமே கோர்டி” என்றார். கோர்டி ஸ்குரூடிரைவரை எடுத்து, புத்தம் புதிய ரைஃபிளின் மரக்கட்டைமேல் கீறல் போட்டுக் கொடுத்தார்.

இதற்கெல்லாம் மேலே ட்ராய் லின்ட்க்விஸ்ட். துப்பாக்கி வாங்குகிறவர்கள் ஓர் அரசாங்கப் படிவம் நிரப்ப வேண்டும். கட்டம் கட்டமாகக் கேள்விகள். ட்ராய் நிரப்பிக் கொடுத்ததைக் கோர்டி படித்தார், மறுபடி படித்தார்.

“ட்ராய், நீ போலீசுக்குப் பயந்து ஓடிட்டிருக்கிற ஆளா?”

“இல்லையே.”

“ஆமான்னு போட்டிருக்கியே. பொண்டாட்டிய அடிச்சு ஜெயிலுக்குப் போனியா?”

“எனக்குக் கல்யாணமே ஆகல.”

“அதுக்கும் ஆமாதான் போட்டிருக்கே.”

“துப்பாக்கி எனக்காகத்தான் வாங்கறேனான்னு முதல்ல கேட்டிருந்தான். ஆமான்னு போட்டேன். மிச்சமும் அதே மாதிரிதான் இருக்கும்னு வரிசையா இறங்கிட்டேன்.”

கவுன்டர்மேல் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடி இருக்கும். “காலிதாம்ப்பா” என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட துப்பாக்கிகளில் இருந்து விழுந்த தோட்டாக்கள் அதில் கிடக்கும். வாங்கிய கையோடு திறந்து பார்ப்பது கோர்டியின் பழக்கம். தோட்டா விழுந்தால் ஒரு வார்த்தை பேசாமல் ஜாடியில் போடுவார். கொண்டுவந்தவன் முகம் வெளுக்கும். அடுத்த வருடம் அதே ஆள் அதே மாதிரி கொண்டுவருவான்.

அந்த அக்டோபரில் ஒரு புதன்கிழமை டார்லீன் கார்வொனன் கம்பளியில் சுற்றிய ஒரு ரைஃபிளோடு வந்தாள். அவள் கணவர் மெல்வின் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயது. வியாழன் தவறினாலும் மெல்வின் தவற மாட்டார் என்று நாங்கள் சொல்வதுண்டு. வியாழக்கிழமை பத்து மணிக்கு மூன்று தெரு நடந்து வந்து, கோர்டியிடம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார். கோர்டிக்கு இந்த ஊரில் நண்பர் என்று ஒருவர் உண்டென்றால் அவர்தான்.

“அவர் முடி வெட்டப் போயிருக்கார். அதான் வந்தேன்” என்றாள் டார்லீன். “இத வித்துடு கோர்டி. வேற ஊர்க்காரன் யாருக்காவது. நான் குடுத்தேன்னு அவர்கிட்ட சொல்லாதே.”

“என்ன ஆச்சு?”

“சனிக்கிழமை நான் துணி காயப்போட்டுட்டிருந்தேன். குளிருக்கு அவரோட பழைய பிரவுன் கோட்டப் போட்டிருந்தேன். திரும்பிப் பார்த்தா கதவுப்பக்கம் நின்னு என்னைக் குறி வச்சிட்டிருக்கார். ‘மெல்வின், நான்தான்’னேன். இறக்கலை. ரெண்டாவது தடவை பேர் சொன்னதும் இறக்கிட்டு, ‘மான் எங்க போச்சு?’ன்னு கேட்டார்.”

“தோட்டா இருந்துச்சா?”

“காலிதான். நான் பாத்துட்டேன்.”

கோர்டி திறந்தார். தோட்டா கவுன்டர்மேல் விழுந்து உருண்டது. டார்லீன் பக்கத்தில் இருந்த தூண்டில் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மெல்வின் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்பதை நான் கவனித்திருந்தேன்தான். ஆனால் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் யார் அப்படிக் கேட்பதில்லை?

கோர்டி அதைப் பின்னறை மேசைமேல் வைத்துப் பூட்டாமல் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் முதலில் வந்தவள் நான். பழைய துப்பாக்கி வந்தால் விலை எழுதிய மஞ்சள் சீட்டுக் கட்டி முன்பக்க அலமாரியில் வைக்க வேண்டியது என் வேலை. ஒழுங்கு பிடித்த என் கை சும்மா இருக்கவில்லை, வைத்துவிட்டேன். அன்று வியாழக்கிழமை என்பது பத்து மணிக்கு மெல்வின் உள்ளே வந்தபோதுதான் உறைத்தது. அதற்குள் அவர் கையில் அது இருந்தது.

“கோர்டி, இங்க பாரேன். எங்கிட்ட இதே மாதிரி ஒண்ணு இருக்கு.”

கோர்டி என்னைப் பார்த்தார். நான் புழுப் பெட்டியைப் பார்த்தேன்.

“என்னோடதுல கட்டைல ஒரு வெட்டு இருக்கும், டிரக்ல இருந்து விழுந்தது. இதுலயும் அதே இடத்துல இருக்கு பாரு. ஃபேக்டரிலயே கொஞ்சம் அப்படி வருது போல. நான் நாப்பது வருஷமா டிரக்கத் திட்டிட்டிருக்கேன்.” தோளில் வைத்துப் பார்த்தார். அவ்வளவு அழகாகப் பொருந்தியது. “என் கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. ஜோடியா வச்சுக்கறேன். படிவம் குடு.”

கோர்டி படிவம் கொடுத்தார். வேறு என்ன செய்வார்? மெல்வின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக நிரப்பினார். அந்தப் பருவம் முழுக்க ஒரு பிழையும் இல்லாமல் அதை நிரப்பிய ஒரே ஆள் அவர்தான். கோர்டி உள்ளே போய் அதைக் கம்ப்யூட்டரில் அரசாங்கத்துக்கு அனுப்பினார். நாலு நிமிடத்தில் பதில் வந்தது: தரலாம். கொடுக்க விருப்பமில்லை என்றால் கொடுக்காமல் இருக்கக் கடைக்காரருக்கு உரிமை உண்டு. அதற்குக் காரணம்கூடச் சொல்ல வேண்டாம். ‘இல்லை’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். கோர்டி வெளியே வந்து, “கம்ப்யூட்டர் இன்னும் யோசிக்குது மெல்வின்” என்றார்.

அது மூன்று வாரம் யோசித்தது. ஒவ்வொரு வியாழனும் மெல்வின் வந்து கேட்பார். மற்றதை மறந்தாலும் இதை அவர் மறக்கவில்லை. வீட்டில் தன்னுடையதைக் காணவில்லை என்பது மட்டும் அவருக்கு உறைக்கவே இல்லை. வேற்றூர்க்காரன் ஒருவன் வந்து அந்த ரைஃபிளைக் கேட்டபோதும் கோர்டியால் கொடுக்க முடியவில்லை. அது மெல்வினுக்கு என்று எடுத்து வைத்தது என்று சொல்லி அனுப்பினார். அவருக்கே குழம்பிப்போயிருந்தது. “மெல்வின்கிட்ட உண்மையச் சொன்னா மனசு உடைஞ்சிரும். பொய் சொன்னா வந்துக்கிட்டே இருப்பார். குடுத்துட்டா டார்லீன்…” என்று என்னிடம் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவார். நான் அலமாரியில் வைத்த குற்றவாளி, எனக்கும் வாய் இல்லை.

நவம்பர் பதினாலு. கடையில் நிற்க இடமில்லை. எல்லோரும் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு உடை, எல்லோர் கையிலும் கடைசி நேரச் சந்தேகம். மெல்வின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“நாளைக்கு வேட்டை கோர்டி. தரமாட்டேன்கறே. நான் என்ன குத்தம் பண்ணினேன்? இத்தனை பேர் முன்னாடி சொல்லு.”

கூட்டம் மெல்ல ஊகிக்க ஆரம்பித்தது.

“வரி கட்டாம விட்டிருப்பாரு.”

“அட, அந்தக் காலத்துல கனடா பார்ல ஒருத்தன் மண்டைய உடைச்சாரே, அதுவா இருக்கும்.”

“அது அவரு தம்பிப்பா.”

“தம்பி மண்டையவா?”

நடுவில் ட்ராய் கையைத் தூக்கினான். “மெல்வின், என் பேர்ல வாங்கி உங்ககிட்ட குடுத்துடறேன். நமக்குள்ள என்ன.”

இன்னொருத்தருக்காகத் தன் பேரில் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தால் நேராக ஜெயில். அந்தப் படிவத்தின் முதல் கேள்வியே அதற்காகத்தான் இருக்கிறது. “வாயை மூடுறா” என்றேன். ஆனால் மெல்வின் அவனை ஆசையோடு பார்த்தார். அதைக் கோர்டியும் பார்த்தார்.

“இல்ல, மெல்வின்” என்றார் கோர்டி.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பதினெட்டு வருடத்தில் அவர் வாயில் இருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அப்போதுதான். கவுன்டரைத் திறந்துகொண்டு வந்து, மெல்வின் தோளைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிப் போனார். நானும் போனேன்.

“அது உங்களோடது” என்றார்.

“அதான் சொன்னேனே, என்னோடது மாதிரியே…”

“மாதிரி இல்ல. உங்களோடதேதான். டார்லீன் கொண்டுவந்து குடுத்தாங்க. அவங்க துணி காயப்போட்டுட்டிருந்தாங்க. நீங்க மான்னு நினைச்சுக் குறி வச்சீங்க. உள்ள தோட்டா இருந்துச்சு.”

மெல்வின் ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“சுட்டுட்டேனா?”

“இல்ல. சுடல.”

“நீ அப்படித்தான் சொல்லுவே. யார்கிட்டயும் கெட்டது சொல்ல உனக்கு வராது கோர்டி. மூணு வாரமா கம்ப்யூட்டர்னு சொன்னவன்தானே நீ. உண்மையச் சொல்லு. அவ எங்க?”

“வீட்லதான் இருக்காங்க. சத்தியமா.”

மெல்வின் என்னைப் பார்த்தார். “ஜெனின், நீ சொல்லு.”

“வீட்லதான் இருக்கா மெல்வின்” என்றேன். அவர் என்னையும் நம்பவில்லை. காலையில் அவள் கையால்தான் காபி குடித்துவிட்டு வந்திருப்பார். அந்த ஞாபகம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. கோர்டி போனை எடுத்து எண்ணைப் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மெல்வின் சுவரில் சாய்ந்தார். அந்த முகத்தை நான் மறக்க நினைக்கிறேன், முடியவில்லை. கோர்டி மறுபடி போட்டார். ஆறாவது மணியில் எடுத்தாள்.

“ஹலோ, யாரு?”

“டார்லீன்?” என்றார் மெல்வின்.

“என்ன மெல்வின்? மாவுக் கையோட ஓடி வர்றேன். பேஸ்டிக்குள்ள கறியோட உருளைக்கிழங்கு மட்டும் போதுமா, டர்னிப் கிழங்கும் போடவா?”

மெல்வின் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். “ரெண்டும் போடுங்க டார்லீன்” என்று கோர்டிதான் சொன்னார். வெளியே ட்ராய் யாரிடமோ தோட்டா அளவு கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலமே கோர்டி அந்த ரைஃபிளை நூறு மைல் தள்ளி வேறு ஒரு கடைக்குக் கொடுத்தனுப்பினார். எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை பத்து மணிக்கு மெல்வின் வந்தார். நேராக அலமாரிக்குப் போய், வரிசையாகத் தடவிக்கொண்டே தேடினார்.

“இங்க ஒண்ணு இருந்துச்சே கோர்டி. என்னோடது மாதிரியே. வித்துட்டியா?”

மறுபடி எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா, அந்த முகத்தை மறுபடி பார்க்க வேண்டுமா என்று நான் பயந்தேன். கோர்டி போனை எடுத்து, மெல்வின் வீட்டு எண்ணைப் போட்டு, அவர் கையில் கொடுத்தார். மெல்வின் ஒன்றும் புரியாமல் வாங்கிக் காதில் வைத்தார்.

“நான்தான்… எதுக்குன்னு தெரியல, கோர்டி குடுத்தான்… ம்… ம்… சரி.”

போனைக் கவுன்டரில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்தபடியே நின்றார்.

“வீட்லதான் இருக்கா” என்றார் எங்களிடம். பிறகு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.