மூன்றாவது பயனர் தவறு

உங்கள் லேப்டாப்பின் டச்பேட் ஒரு நாள் காலையில் மரக்கட்டை மாதிரி கிடந்தால், முதலில் யாரைச் சந்தேகப்படுவீர்கள்? கடைசியாக அதைத் தொட்டவரைத்தானே? "என்ன பண்ணித் தொலைச்ச?" என்பதுதானே உங்கள் வாயில் வரும் முதல் வாக்கியம்? மழுப்ப வேண்டாம். நானும் அப்படித்தான் கேட்டேன், என் சொந்த அண்ணியிடம். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாக்கியத்தின் பின்பாதியை, "என்ன ஆச்சு அண்ணி?" என்று மாற்றிக்கொண்டேன்.

அண்ணி ஒரு மருத்துவமனையில் தட்டச்சர். வயது ஐம்பத்து நான்கு. டாக்டர்கள் கிறுக்கித் தரும் குறிப்புகளைப் படித்து, நோயாளி வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் தாளை அடித்துத் தருவது அவர் வேலை. எந்த மாத்திரை எத்தனை வேளை, தையலை என்றைக்குப் பிரிக்க வேண்டும், எது வந்தால் உடனே ஓடி வர வேண்டும், எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகும். இருபத்தெட்டு வருடத்தில் அவர் கையில் ஒரு புள்ளியும் இடம் மாறியதில்லை. அங்கே எல்லோருக்கும் அவர் டைப்பக்கா.

பத்தொன்பது வயதில் இரும்புத் தட்டச்சு மெஷினில் பழகிய விரல்கள் அவருடையவை. ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது எல்லோரும் மவுஸ் பிடிக்கப் பழகினார்கள். அண்ணி, "எலி பிடிக்கவா என்னை வேலைக்கு எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு, எந்த விசையை அழுத்தினால் எந்தக் கதவு திறக்கும் என்று ஒரு நோட்டு முழுக்க எழுதி மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு லேப்டாப் வந்தபோதும் அப்படித்தான். ஸ்கேன் படத்தை இழுத்துவந்து தாளில் ஒட்டுவதற்கு மட்டும் டச்பேடைத் தொடுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அது அசையவில்லை. அம்புக்குறி திரையின் நடுவில் ஆணி அடித்தது போல நின்றது. முதல் நாள் சாயங்காலம் மெஷினை மூடும்போது, 'புதுப்பிக்கிறோம், அணைக்காதீர்கள்' என்று திரையில் வந்தது. அவர் அணைக்கவில்லை. அவ்வளவுதான் அவர் செய்தது.

புகார் கொடுத்தார். சிஸ்டம்காரர் வந்தார். இருநூறு மெஷினுக்கு இருக்கும் ஒரே ஆள் அவர். நாற்பது வயதிலேயே அறுபதின் அலுப்பு முகத்தில். டச்பேடை நாலு தட்டு தட்டினார், லேப்டாப்பைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"தண்ணி கிண்ணி கொட்டுனீங்களா?"

"இல்ல சார்."

"டீ?"

"நான் டீயே குடிக்கிறதில்ல."

"ஓங்கி அடிச்சிருப்பீங்க. உங்க விரல் என்ன சாதாரண விரலா? சுத்தியல்ல!"

சிரித்துக்கொண்டே தன் டேப்லெட்டில் எதையோ தட்டினார். அண்ணி எட்டிப் பார்த்தார். 'காரணம்: பயனர் தவறு.'

அந்த இரண்டு சொற்களின் எடை வெளியாருக்குத் தெரியாது. அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர் பெயரில் மூன்று 'பயனர் தவறு' விழுந்தால் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஆளைக் கீழ்த்தளத்தில் பழைய கோப்பு அறைக்கு அனுப்புவார்கள். அங்கே அடிப்பதற்கு ஒன்றும் இல்லை. கட்டுகளை எடுக்கலாம், வைக்கலாம். அண்ணி பெயரில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. ஒன்று, விசை ஒன்று பெயர்ந்து வந்தது. மற்றொன்று, சார்ஜர் ஒயர் நாற்காலிச் சக்கரத்தில் மாட்டியது. இரண்டும் தன் தப்புதான் என்று அன்றே ஒப்புக்கொண்டவர். இது மூன்றாவது. மாதக் கடைசியில் உத்தரவு வந்துவிடும்.

"சார், இது நான் பண்ணல. அழிங்க."

"குளோஸ் பண்ணின புகாரைத் திறக்க முடியாது டைப்பக்கா. விடுங்க, கீழ குளுகுளுன்னு இருக்கும்."

பக்கத்து மேசை எழுத்தர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "உங்க கைக்கும் மெஷினுக்கும் ராசி இல்லக்கா" என்றார்.

எனக்கு இங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது. ராசி என்பதும் பயனர் தவறு என்பதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. காரணத்தைத் தேட வேண்டிய இடத்தில் ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுக்கின்றன. முன்னதைச் சொல்பவரை மூடநம்பிக்கைக்காரர் என்கிறோம். பின்னதைச் சொல்பவருக்கு டேப்லெட் கொடுத்து உட்கார வைத்திருக்கிறோம்.

அண்ணி கோபத்தைக் காட்டவில்லை. அன்றைய தாள்கள் அத்தனையையும் விசைகளாலேயே அடித்து முடித்தார். ஸ்கேன் படங்களுக்கு மட்டும் பக்கத்து மேசை மவுஸைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டாவது மாடி நர்ஸ் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் வேலை செய்யல டைப்பக்கா. கை கழுவுற மருந்து ஈரத்தோட தொட்டேனாம். பயனர் தவறுன்னு போட்டுட்டுப் போயிட்டாரு."

"என்னிக்கிலேந்து சிஸ்டர்?"

"இன்னிக்குக் காலைலதான். நேத்து நல்லா ஓடுச்சே."

அண்ணி டப்பாவை மூடினார். சாப்பாட்டைப் பாதியில் நிறுத்துவது அவர் வழக்கமில்லை. மாடி மாடியாக ஏறினார். அதே கறுப்பு மாடல் மொத்தம் ஆறு. அதில் ஐந்தில் டச்பேட் செத்துக் கிடந்தது. ஐந்து பேர், ஐந்து 'பயனர் தவறு': தண்ணீர், மருந்து ஈரம், நகம், வியர்வை, சுத்தியல் விரல். ஐந்து பேருடைய கைகளும் ஒரே திங்கட்கிழமை சாயங்காலம் கூடிப் பேசிச் சதி செய்தன போலிருக்கிறது!

ஆறாவது மெஷின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தது. அதில் அம்புக்குறி துள்ளி ஓடியது.

"இத நீங்க திங்கக்கிழமை அணைச்சீங்களா?"

"எங்க அணைக்கிறது? இந்த மேசைக்கு ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க. இத மூடி மூணு வாரம் ஆச்சு" என்றார் அங்கே பணியில் இருந்தவர்.

அண்ணிக்கு ஒரு நூல் கிடைத்துவிட்டது. தன் மெஷினில் அப்டேட் பட்டியலைத் திறந்து பார்த்தார். திங்கட்கிழமைத் தேதிக்கு நேரே ஒரே ஒரு வரி: புதிய டச்பேட் டிரைவர்.

என் அண்ணன் பேருந்து ஓட்டுபவர். சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அண்ணி ஆரம்பித்தார். நானும் அங்கே இருந்தேன்.

"தப்பு யார் மேலன்னு தெரிஞ்சுபோச்சு. டிரைவர் மேல."

"ஆமா, உலகத்துல எது நடந்தாலும் டிரைவர் மேலதான்" என்றார் அண்ணன். "இன்னிக்குக்கூட ஒரு ஆள், மழை பெஞ்சதுக்கே என்னைத் திட்டினான்."

"ஐயோ, உங்களச் சொல்லலங்க. டச்பேடுக்கும் மெஷினுக்கும் நடுவுல ஒரு சின்ன புரோகிராம் இருக்கும், அதுக்குப் பேரு டிரைவர். அத மாத்திட்டாங்க. புதுசு இந்த மெஷினுக்குச் சரிப்படல."

"வேற வண்டி ஓட்டினவன இதுல ஏத்திட்டானுங்க. கியர் எங்க இருக்குன்னே தெரியாம முழிக்கிறான்." அண்ணன் காலை நீட்டினார். "சரி, பழைய டிரைவர் எங்க போனான்?"

"மாத்திட்டாங்கங்கறேன்."

"மாத்தினா? ஆவியாவா போயிடுவான்? டெப்போலதான் எங்கயாவது உக்காந்திருப்பான். போய்க் கூப்பிட்டா வருவான்."

அண்ணி ஒரு நிமிடம் அண்ணனையே பார்த்தார். முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. "சில நேரம் உங்களுக்கும் மூளை வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு என் மடிக்கணினியைப் பிடுங்கிக்கொண்டார். அரை மணி நேரம் தேடிப் படித்தார். அண்ணன் சொன்னது அச்சு அசலாகச் சரி. புது டிரைவர் ஏறும்போது மெஷின் பழையதைத் தூக்கி எறிவதில்லை, ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. திரும்ப அழைக்க ஒரு பொத்தானும் இருக்கிறது.

புதன்கிழமை காலையில் தன் மெஷினில் அந்த இடம் வரைக்கும் போனார். பார்க்கலாம், மாற்ற முடியாது என்று வந்தது. மாற்றுவதற்கான கடவுச்சொல் சிஸ்டம்காரரிடம்தான். டிரைவரின் விவரத்தைக் குறித்துக்கொண்டார். அவசரப் பிரிவு மெஷினிலும் அதே இடத்தைத் திறந்து குறித்துக்கொண்டார். அங்கே பழைய தேதி. இங்கே புதுத் தேதி. புது டிரைவர் எந்த மாடலுக்கு என்று போட்டிருந்த பெயரின் கடைசியில் ஒரே ஓர் எழுத்து வேறு. ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று அண்ணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிஸ்டம்காரரைப் பிடித்தார்.

"பழைய டிரைவருக்குத் திருப்பிடுங்க சார். கடவுச்சொல் மட்டும் போடுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்."

"டைப்பக்கா, எனக்கே பாடமா? அது பாகம் போச்சு. போய் வேலையப் பாருங்க."

அண்ணி லேப்டாப்பை இடுப்பில் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குள் போனார். "மேடம், அஞ்சு நிமிஷம். சாரையும் கூப்பிடுங்க."

கண்காணிப்பாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "டச்பேட் இல்லாம எப்படிம்மா காட்டப்போறே?"

அண்ணி காட்டினார். திரையில் ஜன்னல்கள் திறந்தன, மூடின. ஒரு கை விசைகளின் மேல் நடக்க, மறு கை ஐந்து மெஷின்களின் தேதியும் ஆறாவதன் தேதியும் எழுதிய தாளை மேசையில் வைத்தது. கண்காணிப்பாளர் தாளைப் படித்தார். பிறகு சிஸ்டம்காரரை நிமிர்ந்து பார்த்தார். "கடவுச்சொல்லப் போடுங்க."

சிஸ்டம்காரர் போட்டார். அண்ணி பொத்தானை அழுத்தினார். ஏன் திரும்புகிறீர்கள் என்று மெஷின் கேட்டது. பட்டியலில் 'முந்தையது நன்றாக வேலை செய்தது' என்று ஒன்று இருந்ததைத் தேர்ந்தெடுத்தார். மெஷின் அணைந்து எழுந்தது. அண்ணி விரலை டச்பேடில் வைத்தார். அம்புக்குறி ஓடியது.

"சரியாயிடுச்சுல்ல?" சிஸ்டம்காரர் எழுந்தார். "மத்த நாலையும் நான் பாத்துடறேன். அந்த அப்டேட் திரும்ப வராம நிறுத்தியும் வெச்சிடறேன். விடுங்க."

அண்ணி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. "மெஷின் சரியாயிடுச்சு சார். எழுத்து இன்னும் சரியாகல."

"அதான் சொன்னேனே, மூடின புகார..."

"அப்ப புதுப் புகார் போடுறேன். அஞ்சு பேர் சேர்ந்து, அந்தப் புகார் மேலயே ஒரு புகார்."

அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. அந்தப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் மூன்றே தேர்வுகள்: பயனர் தவறு, பாகம் பழுது, மற்றவை. பாகம் பழுது என்றால் மாற்றுப் பாகம் கேட்டு எழுத வேண்டும். மற்றவை என்றால் ஒரு பக்க விளக்கம் எழுத வேண்டும். பயனர் தவறு என்றால் ஒரு தட்டு, புகார் மூடிவிடும். இருநூறு மெஷினுக்கு ஒரே ஆள் எதைத் தட்டுவார்? அவரை ஒற்றை ஆளாக நிறுத்தியவர்களையும் இந்தப் படிவத்தை வரைந்தவரையும் நான் அவரைவிட அதிகம் கோபிக்கிறேன். ஆனாலும் தட்டியது அவர் விரல்.

கண்காணிப்பாளர் 'மற்றவை' என்று போடச் சொன்னார். சிஸ்டம்காரர் இரண்டு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேட ஆரம்பித்தார். நாலு நிமிடத்தில் ஒரு வரி.

"நகருங்க சார், நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்" என்றார் அண்ணி.

அவர் சொல்லத் தொடங்கினார். "பயனர்கள் கவனக்குறைவாக..."

அண்ணியின் விரல்கள் நின்றன. "நான் டைப்பிஸ்ட். சொல்றதத்தான் அடிப்பேன். ஆனா பொய் சொன்னீங்கன்னா எழுத்துப்பிழை விழும்."

கண்காணிப்பாளர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். சிஸ்டம்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்: "ஓர் எழுத்து வேறுபட்ட மாடலுக்கான டிரைவர் ஐந்து மெஷின்களுக்கு அனுப்பப்பட்டது. அனுப்பியது கணினிப் பிரிவு. பயனர்கள் மேல் தவறில்லை."

ஐந்து பெயர்களிலிருந்தும் அந்தப் 'பயனர் தவறு' நீங்கியது. அண்ணி பெயரில் இரண்டு அப்படியே இருக்கின்றன. அவற்றை எடுக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. படிவத்தில் 'கணினிப் பிரிவின் தவறு' என்று நான்காவது தேர்வு ஒன்று வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அது இன்னும் வரவில்லை. வாரா வாரம் திங்கட்கிழமை போய்க் கேட்கிறார்.

நாளை நீங்கள் வேலைக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் அலுவலகத்தின் புகார்ப் படிவத்தை வாங்கி, காரணம் என்ற இடத்தில் எத்தனை தேர்வுகள் இருக்கின்றன, அவற்றில் எத்தனை மேலிடத்தை நோக்கிக் கை காட்டுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் சும்மா திரும்பி வராதீர்கள். எழுத்தில் கேளுங்கள், பக்கத்து மேசைக்காரரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.