இமாசலத்துக்குப் போன கணக்கு கைடு

மங்காஃபில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் இரண்டு குடும்பங்கள் ஒரே வாரத்தில் நல்லவர்களானோம். குவைத்தில் பதினான்கு வருடம் ஏசி காற்றில் உட்கார்ந்திருந்தால் இப்படி ஒரு கட்டம் வரும்போலிருக்கிறது. ஊரில் மனை வாங்கியாயிற்று, வீடு கட்டியாயிற்று, வாடகைக்கு விட்டாயிற்று. இனி யாருக்காவது ஏதாவது செய்தால்தான் தூக்கம் வரும்.

என் மனைவியின் அலுவலகத்தில் யாரோ சொல்லி, இமாசலத்தில் திபெத்திய அகதிக் குழந்தைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியைப் பற்றித் தெரிந்தது. ஒரு குழந்தையின் படிப்பையும் சாப்பாட்டையும் நாம் ஏற்றுக்கொள்ளலாம். குழந்தை வருடத்துக்கு மூன்று முறை நமக்குக் கடிதம் எழுதும். நாங்கள் ஒரு பெண்ணை ஏற்றுக்கொண்டோம். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் காயல்பட்டினத்துக்காரர், ஃபஹாஹீலில் கம்பளிக் கடை வைத்திருக்கும் பாய், ஒரு பையனை ஏற்றுக்கொண்டார்.

புகைப்படம் வந்தது. சிவப்பு ஸ்வெட்டர், பனியில் வெடித்த கன்னம், பத்து வயது. அப்பாவும் அம்மாவும் மலைக்கு அந்தப் பக்கம். ஆறு வயதில் இவளை மட்டும் ஒரு மாமாவோடு அனுப்பிவைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியதெல்லாம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

முதல் கடிதத்தில் அவள் என்னை ‘மதிப்பிற்குரிய ஸ்பான்சர் சார்’ என்று ஆங்கிலத்தில் விளித்திருந்தாள். நான் உருகிப்போய், “சார் எல்லாம் வேண்டாம்மா, அப்பா என்றே எழுது” என்று பதில் போட்டேன். விஷயம் தெரிந்ததும் பாய் தன் பையனை ‘வாப்பா’ என்று எழுதச் சொல்லிவிட்டார். அப்பா ஆனதும் எனக்கு அப்பா வேலை வந்துவிட்டது. அதே கடிதத்தின் இரண்டாவது வரியில், “வகுப்பில் எத்தனையாவது ரேங்க்?” என்று கேட்டேன்.

எங்கள் பள்ளியில் ரேங்க் போடுவதில்லை என்று எழுதினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரேங்க் போடாமல் ஒரு பிள்ளைக்குத் தான் யாரென்று எப்படித் தெரியும்? பள்ளி அலுவலகத்துக்கே நீளமாக ஒரு மெயில் அனுப்பி, தமிழ்நாட்டில் நாங்கள் எப்படியெல்லாம் முன்னேறினோம் என்று விளக்கினேன். அவர்கள் ஒரே ஒரு வரியில் நன்றி சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து பாய் பிரியாணியோடு மேலே வருவார். முன்பெல்லாம் இக்காமா என்கிற குடியிருப்பு அனுமதி, புதுச் சட்டம், யாருக்கு வேலை போயிற்று என்று பேசுவோம். இப்போது பேச்சு இமாசலத்துக்கு மாறியது.

“சார், நம்ம புள்ள சயின்ஸ்ல எண்பத்தொம்பது எடுத்திருக்கான். அல்ஹம்துலில்லாஹ்.”

“நம்ம பொண்ணு இங்கிலீஷ்ல தொண்ணூறு, பாய்.”

“மாஷா அல்லாஹ். கணக்குல?”

கணக்கில் நாற்பத்தேழு. நான் எழுபத்துநாலு என்றேன். ஏழையும் நாலையும் இடம் மாற்றி வைத்தேனே தவிர, வேறு பொய் எதுவும் சொல்லவில்லை. பத்தாவது படிக்கும் என் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, “அப்பா, சீரியஸ்லி? அந்தப் பொண்ணையாவது விடுங்களேன்” என்றாள். நீ போய் ட்யூஷன் பாடத்தைப் பார் என்றேன்.

அந்த வருடம் சைட்டில் என்னோடு வேலை பார்த்த சண்டிகர்க்காரர் ஒருவர் லீவில் போனார். பள்ளிக்கு ஒரு பார்சலைச் சேர்த்துவிடுகிறேன் என்று அவராகவே சொன்னார். மனைவி காலுறை, பாதாம் வைத்த சாக்லேட், பால் பவுடர், தைலம் என்று ஒரு பெட்டியை நிரப்பினாள். நான் அதில் என் மகளின் பழைய கணக்கு கைடு, ஐஐடி ஃபவுண்டேஷன் இரண்டு பாகம், ஐந்தாண்டு வினாத்தாள் தொகுப்பு ஆகியவற்றை வைத்தேன். எடை கூடியது. சாக்லேட்டும் பால் பவுடரும் வெளியே வந்தன. காலுறை மட்டும் தப்பியது, அதுவும் புத்தகத்துக்கு நடுவே செருக இடம் இருந்ததால். அவள் நன்றிக் கடிதத்தில், காலுறை மிகவும் கதகதப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். கைடைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது மனக்குறையாகவே இருந்தது.

போன மார்ச்சில், மதிப்பெண் பட்டியல் வருவதற்கு முன்பே, அவளுடைய கடிதம் ஒன்று தனியாக வந்தது. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது.

“அன்புள்ள அப்பா, கணக்கில் முப்பத்தொன்று வாங்கியிருக்கிறேன். என்னை மன்னியுங்கள். விடுதியில் என் பக்கத்துக் கட்டில் பெண் தொண்ணூற்றொன்று. அவளுக்கு ஸ்பான்சராக இருந்த பாட்டி இறந்துபோனார்கள். என்னை விட்டுவிட்டு அவளை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அவளிடம் கேட்டுவிட்டேன், சம்மதம் என்கிறாள். உங்களுக்கு அவள் தலைகுனிவு தரமாட்டாள். அலுவலகத்தில் நானே சொல்லிவிடுகிறேன். எப்போதாவது உங்களுக்குக் கடிதம் எழுதினால், அப்பா என்று எழுதலாமா?”

மனைவி படித்துவிட்டு அடுப்பை அணைத்தாள். “கொழந்தைய எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்ல போட வச்சிட்டீங்களே” என்றாள்.

எனக்கு அந்தக் கடிதத்தின் குரல் நன்றாகத் தெரிந்ததாக இருந்தது. விசா புதுப்பிக்கும் மாதம் வந்தால் நான் என் மேலாளருக்கு எழுதும் மெயில்களின் குரல் அது. இந்த ஊரில் கஃபீல், அதாவது நம் விசாவுக்கு ஸ்பான்சர், நம்மை வேண்டாம் என்று சொன்னால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்தப் பயத்திலேயே பதினெட்டு வருடம் பணிவாகப் பேசிப் பழகியவன் நான். அதை அப்படியே கொண்டுபோய், அம்மா அப்பா பக்கத்தில் இல்லாத ஒரு பிள்ளையின் தலையில் கட்டியிருக்கிறேன்.

உட்கார்ந்து பதில் எழுதினேன். “பிள்ளையை யாரும் மாற்றிக்கொள்வதில்லை. நீ முப்பத்தொன்று வாங்கினாலும், முட்டை வாங்கினாலும், படிப்பு முடியும்வரை நாங்கள் இருக்கிறோம். அதற்குப் பிறகும் இருப்போம்.” இவ்வளவு எழுதியவன் பழக்கதோஷத்தில், “ஆனால் அடுத்த தேர்வில் கணக்கில் கொஞ்சம்” என்று தொடங்கினேன். பின்னால் நின்றிருந்த மகள் கையை நீட்டி, அந்த வரியை அழித்தாள்.

பக்கத்துக் கட்டில் பெண்ணைப் பற்றிப் பாயிடம் சொன்னேன். எழுபத்துநாலின் உண்மையையும் சொன்னேன். “என் புள்ள சயின்ஸ் எண்பத்தொம்பது இல்ல சார், அறுபத்தொம்பது” என்றார் பாய். அந்தப் பெண்ணை அவரே ஏற்றுக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமையே கம்பளிக் கடையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தொண்ணூற்றொன்று தெரிந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

என் கடிதம்தான் முடியாமல் கிடந்தது. மதிப்பெண்ணை விட்டால் அவளிடம் கேட்க எனக்கு ஒன்றும் வரவில்லை. பள்ளி ஸ்கேன் செய்து அனுப்பிய அவளுடைய பழைய கடிதங்களைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். நான்கு வருடக் கடிதங்கள். எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சமையலறைப் பக்கம் வந்து ஒட்டிக்கொண்ட ஒரு கறுப்பு நாய். அவர்களுடைய புத்தாண்டுக்கு மற்றப் பிள்ளைகளையெல்லாம் பார்க்க உறவுக்காரர்கள் வந்தபோது, இவள் வார்டன் அம்மாவோடு கேரம் ஆடியது. மூன்று நாள் பல்வலி, வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு படுத்தது. மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே நான் இவை எல்லாவற்றின் மீதும் நடந்துபோயிருக்கிறேன்.

ஒவ்வொன்றாகக் கேட்டேன். நாய் என்ன ஆயிற்று? கேரமில் யார் ஜெயித்தது? பல்வலி தேவலையா?

பத்து நாளில் பதில் வந்தது. நாய் நான்கு குட்டி போட்டிருக்கிறது. கேரமில் வார்டன் அம்மாதான் ஜெயித்தார், அவர் ஏமாற்றுவார். “அந்தப் பல்லைப் பிடுங்கி மூன்று வருடம் ஆகிவிட்டது, அப்பா. நீங்கள் கேட்பீர்கள் என்றுதான் அப்போது எழுதினேன்.”