பஸ்ஸில் போன வெற்றி

அந்த வருஷங்களில் நான் புத்தூரில் ஒரு தெலுங்கு நாளிதழுக்கு விலேகரியாக இருந்தேன். விலேகரி என்றால் நிருபர். வீட்டில் பேசுவது தமிழ், எழுதிப் பிழைப்பது தெலுங்கு. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி, புத்தூர்ப் பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை. மாவட்டத்துக்கென்று தனிப் பக்கங்கள் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தன. பம்புசெட் மோட்டார் எரிந்து போனதும் செய்தி, பள்ளிக்கூடத்துச் சுவர் இடிந்ததும் செய்தி. பெயர் அச்சில் வந்தவன் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்து பேப்பர் வாங்குவான் என்பதை முதலாளிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஃபேக்ஸ் எல்லாம் திருப்பதியில் இருந்த பெரியவர்களுக்கு. என் செய்தி பஸ்ஸில் போகும். வெள்ளைத்தாளில் எழுதி, ஃபிலிம் ரோலோடு பழுப்புக் கவருக்குள் போட்டு, மூன்றரை மணி திருப்பதி பஸ்ஸின் டிரைவரிடம் கொடுப்பேன். அங்கே பஸ் ஸ்டாண்டில் பத்திரிகைக்காரர்கள் வைத்திருந்த பெட்டியில் அவர் போட்டுவிடுவார். அடுத்த பஸ்ஸில் போனால் மாவட்டப் பக்கம் முடிந்திருக்கும். அதனால் சாயங்காலம் நடக்க வேண்டிய கூட்டங்களை மத்தியானமே எழுத்தில் நடத்தி முடிப்பது எங்கள் வழக்கம். திரளானோர் கலந்துகொண்டனர் என்று எழுதி அனுப்பிவிட்டுத்தான் கூட்டத்துக்கே போவேன். யாருக்கும் நஷ்டமில்லை. கூட்டத்தில் எவன் ஜெயிக்கப் போகிறான்?

பந்தயம் அப்படியில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் எழுதினேன்.

மாட்டுப் பொங்கலன்று புத்தூரிலிருந்து கார்வேட்டிநகரம் போகும் சாலையில் ஜட்கா ஓட்டப் பந்தயம் நடக்கும். ஐந்தாறு ஜட்காக்கள், ஒரு சுழற்கோப்பை. தொடர்ந்து மூன்று வருஷம் கோப்பையை வாங்கியவர் ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் வண்டி ஓட்டிய ஒருவர். நாற்பத்தைந்து வயது இருக்கும், வெள்ளைக் குதிரை, வாயில் எப்போதும் வெற்றிலை. போட்டிக்கு ஆள் இல்லை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த வருஷம் ஒருத்தன் வந்தான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமத்துப் பையன், இருபத்திரண்டு வயது, ஆளைத் தூக்கினால் ஒரு மூட்டை நெல் தேறாது. சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத குடும்பம். அவன் ஓட்டியது வாடகைக்கு எடுத்த செவலைக் குதிரை.

பந்தயத்துக்கு முந்தின நாள் அவன் என்னைத் தேடி வந்தான். சென்னையில் ஒரு பந்தயக் குதிரை லாயத்துக்குப் பக்கத்தில் அவன் அக்கா புருஷன் வாட்ச்மேனாக இருந்தார். காலையில் குதிரைகளை ஓட்டிப் பழக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு இவனைப் பற்றி லாயத்து மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். குதிரை தெரியும் என்று தினமும் பத்து பேர் வருகிறார்கள், நிஜமாகவே பந்தயத்தில் ஜெயிக்கிறவன் என்றால் பேப்பரில் வந்திருக்குமே, கொண்டு வரச் சொல்லு என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். இவன் ஊர் ஆட்கள் பொங்கல் முடிந்து வரும் திங்கட்கிழமை மேஸ்திரியோடு சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். பேப்பரில் வந்தால் குதிரை, வராவிட்டால் சாந்துச் சட்டி. இதை அவன் என்னிடம் அழுதோ கெஞ்சியோ சொல்லவில்லை, பஸ் நேரம் விசாரிக்கிற மாதிரி சொன்னான். முதலில் ஜெயிடா, அப்புறம் பார்க்கலாம் என்று சிரித்து அனுப்பினேன்.

பந்தயம் இரண்டு மணிக்கு என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். கொடி அசைக்க வேண்டிய மண்டலத் தலைவர் மூன்று மணிக்கும் வரவில்லை. போன வருஷத்து வெற்றியாளர் சுழற்கோப்பையை மேடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது முறை. வெள்ளைக் குதிரைக்காரர் கோப்பையோடு நின்றார், எனக்காகப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரர் அதைப் படம் எடுத்தார். மூன்றே கால். படம் இருக்கிறது, கோப்பை இருக்கிறது, ஆள் இருக்கிறார், பந்தயம் மட்டும்தான் பாக்கி. நான் ஒரு ஜட்காவின் படியில் உட்கார்ந்து நாலாவது முறையும் வெள்ளைக் குதிரையே வென்றது என்றும், செவலை இரண்டாவதாக வந்தது என்றும் எழுதினேன். கைதட்டல் கூடப் போட்டேன். கவரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு டீ குடித்துத் திரும்பியபோது மண்டலத் தலைவரின் ஜீப் வந்துகொண்டிருந்தது.

செவலை ஜெயித்தது. ஏரிக்கரை வளைவு வரை வெள்ளைதான் முன்னால். வளைவில் வெள்ளைக் குதிரைக்காரர் வண்டி சாயாமல் இருக்கக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார், பையன் இழுக்கவில்லை. வண்டியின் ஒரு பக்கம் போய் உட்கார்ந்து உடம்பைச் சாய்த்தான். கோட்டைத் தாண்டும்போது அரை வண்டி நீளம் வித்தியாசம். இதில் அதிர்ஷ்டம், குறுக்கே வந்த நாய், அறுந்த வார் என்று ஒன்றுமில்லை. சுத்தமான வெற்றி.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடித் திருப்பதிக்கு இரண்டு தடவை போன் போட்டேன். இரண்டு தடவையும் எங்கேஜ். பின்னால் ஒருத்தர் துபாய்க்குப் பேச நின்றுகொண்டு உச்சுக்கொட்டினார். மூன்றாவது தடவை போட்டிருக்கலாம். ஒரு ஜட்கா பந்தயம்தானே, இடமில்லை என்று அவர்களே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இன்றைக்கும் நினைத்தால் என் மேல் எனக்கே எரிச்சல் வருவது அந்த மூன்றாவது போனுக்காகத்தான்.

தூக்கிப் போடவில்லை. மூன்று பத்தி அகலத்தில், கோப்பையோடு படம் போட்டு வந்திருந்தது.

காலை எட்டு மணிக்கு வெள்ளைக் குதிரைக்காரர் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் பேப்பர். எழுத்துக் கூட்டித் தெலுங்கு படிப்பார், முழுதும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். சும்மா கிடைத்த வெற்றிக்கு மனுஷன் இப்படிக் கோபப்படுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஸ்டாண்டில் காலையிலிருந்து எல்லோரும் எழுந்து நின்று கும்பிட்டுக் கேலி செய்கிறார்களாம்.

"மூணு வருசம் ஜெயிச்சேன், மூணு வருசமும் பேப்பர்ல வந்துச்சி. இன்னிக்கி வந்தது பொய்யின்னு ஊருக்கே தெரியும். அப்போ அந்த மூணும் இன்னான்னு கேக்க மாட்டானா?"

பையனுடைய லாயத்து வேலை விஷயத்தை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். பேப்பரை நாலாக மடித்து இடுப்பில் செருகினார். சட்டை போட்டுக்கொண்டு வா, திருப்பதிக்குப் போகலாம் என்றார்.

திருப்பதியில் மாவட்டப் பக்கத்துக்குப் பொறுப்பாளர் நல்ல மனிதர், ஆனால் திருத்தம் போடுவது என்றால் காத தூரம் ஓடுவார். மந்திரி பெயர் தப்பாக வந்ததற்கே போடவில்லை, ஜட்காவுக்குப் போடுவேனா என்று கேட்டார். பக்கத்தில் நின்ற வெள்ளைக் குதிரைக்காரரைக் காட்டி, இவரே தோற்றேன் என்கிறார் சார் என்றேன். பொறுப்பாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் ஒரு வழி சொன்னார்: பாராட்டு விழா ஏதாவது நடத்துங்கள், அது புதுச் செய்தி, அதில் யார் ஜெயித்தார் என்று எழுதி அனுப்புங்கள், போடுகிறேன்.

மறுநாள் காலை ஸ்டேஷன் ஸ்டாண்டில் பாராட்டு விழா நடந்தது. சால்வையை வெள்ளைக் குதிரைக்காரரே வாங்கி வந்தார். பையனை நடுவில் நிறுத்தி, சால்வையைப் போர்த்தி, கழுத்தில் சாமந்தி மாலையும் போட்டு, எல்லோரும் கேட்க இரண்டு வார்த்தை பேசினார். ஸ்டாண்டுக்காரர்களின் கேலி நின்று போயிருந்தது. நான் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். இந்தத் தடவை எல்லாம் என் கண் முன்னால் நடந்த பிறகு. அதே மூன்றரை மணி பஸ்.

சனிக்கிழமை பேப்பரில் படம் பிரமாதமாக வந்திருந்தது. செய்திதான் வேறாக இருந்தது. முந்தின நாள் பொறுப்பாளர் லீவு. டெஸ்க்கில் இருந்த யாரோ பொறுப்பான ஆள் முந்தைய செய்தியை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். ஜெயித்தவரை விலேகரி மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்து நேர் செய்துவிட்டார். இரண்டாவதாக வந்த இளைஞருக்கு, வெற்றி பெற்றவரே சால்வை போர்த்தினார் என்று அச்சாகியிருந்தது. தலைப்பு: வெற்றியாளரின் பெருந்தன்மை. கீழே விளையாட்டு உணர்வு பற்றி நாலு வரி புகழாரம் வேறு, நான் எழுதாதது. நான் பொய் எழுதியபோது ஒரு புள்ளி மாறாமல் அச்சடித்தார்கள், நிஜத்தை எழுதியபோது திருத்தினார்கள். அவர்கள் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

பையன் வந்து பேப்பரைப் பார்த்தான். அவனுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. என்ன போட்டிருக்கிறது என்று நான் சொன்னேன். "உடு அண்ணா. மேஸ்திரி வேலயும் வேலதானே," என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெள்ளைக் குதிரைக்காரர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பையனையும் என்னையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ் ஏறினார். தோற்றவனே நேரில் வந்து சொன்னால் அதைவிடப் பெரிய பேப்பர் எது என்பது அவர் கட்சி. நகரி, திருத்தணி, திருவள்ளூர் என்று பஸ் நின்று நின்று போனது. நின்ற இடமெல்லாம் பையோடும் பக்கெட்டோடும் ஆட்கள் ஏறினார்கள். எல்லோருக்கும் சென்னையில் ஏதோ ஒரு வேலை இருந்தது.

லாயத்தில் மேனேஜர் தூய வெள்ளைச் சட்டையில், எந்நேரமும் வேறு எங்கோ போக வேண்டியவர் போல நின்றார். வெள்ளைக் குதிரைக்காரர் வாயைத் திறந்தார். இவன்தான் ஜெயித்தான், தோற்றது நான் என்றார். மேனேஜர் முழுதாகக் கேட்கவில்லை. கூட வருகிறவன் அப்படித்தான் சொல்வான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பேப்பர் இருக்கா என்றார்.

பையன் சனிக்கிழமைப் பேப்பரை நீட்டினான். மேனேஜர் படத்தை வெகுநேரம் பார்த்தார். சால்வை, மாலை, சுற்றிலும் ஆட்கள். பிறகு கீழே இருந்த எழுத்தைப் பார்த்தார்.

"தெலுங்கா? எனக்குப் படிக்க வராது. யாருக்காவது வருமா?"

பையன் என்னைப் பார்த்தான். வெள்ளைக் குதிரைக்காரர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். நான் பேப்பரை வாங்கினேன். பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, தமிழில் வாசித்தேன்.

"பொங்கல் ஜட்கா பந்தயத்தில் முதலிடம் பெற்ற இளைஞருக்கு, அவரிடம் தோற்ற முன்னாள் வெற்றியாளர் சால்வை போர்த்திப் பாராட்டினார். என்னைவிட நன்றாக ஓட்டினான், வளைவில் நான் பயந்தேன், அவன் பயப்படவில்லை என்று அவர் கூறினார்."

அச்சில் இருந்தது அதுவல்ல. பஸ்ஸில் நான் அனுப்பியது அது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மேனேஜர் இப்போதுதான் வெள்ளைக் குதிரைக்காரரைச் சரியாகப் பார்த்தார். படத்தோடு முகத்தை ஒப்பிட்டார். பையனிடம் வெறும் முதுகில் உட்கார வருமா என்று கேட்டார். ஏரியில் குளிப்பாட்டக் கொண்டு போகும்போதெல்லாம் அப்படித்தான் என்றான். விடிகாலையில் ஏற்றிப் பார்க்கிறேன், ராத்திரி இங்கேயே தங்கு என்றார். அவன் அங்கே ஒன்பது வருஷம் வேலை பார்த்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்தப் பேப்பரிலும் அவன் படம் பிறகு வந்ததாகத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நானும் வெள்ளைக் குதிரைக்காரரும் மட்டும். கையில் பேப்பரை வைத்துக்கொண்டு அதில் இல்லாததை வாசித்திருந்தேன். லாயத்துக்கு வந்தவர்களில் என்னைத் தவிர அச்சில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்த ஒரே ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

திருத்தணி தாண்டியதும் அவர் மடியிலிருந்து பேப்பரை எடுத்து விரித்து என் கையில் கொடுத்தார்.

"நான் தோத்தேன்னு எழுதிக்கீற இல்ல நைனா, அத்த இன்னொரு வாட்டி படி."

படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.