தமையனின் கன்ரீன்

கர்க்லாண்டில் எங்கள் சமையலறை அலுமாரியில் மூடி திறக்காத சிவப்பு வைன் போத்தல் ஒன்று இருக்கிறது. லேபிளில் ஒரு கல்வீடு, சுற்றிலும் திராட்சைக் கொடிகள், மேலே என் பழைய முதலாளியின் குடும்பப் பெயர், ஓரத்தில் 2004 என்ற ஆண்டு. இந்த வைனின் கதையை நான் இரண்டு வருடம் நம்பாமல் இருந்தேன்.

லாசாலில் ஆறு மேசை போட்ட இத்தாலியச் சாப்பாட்டுக்கடை அது. சமையலுக்கு நானும் முதலாளியும் மட்டும். பேச்சு அரைகுறை ஆங்கிலத்தில். வருகிறவர்களுக்கு இந்த வைனை ஊற்றிக் கொடுத்து, "எங்கள் வீட்டுத் தோட்டம், என் அண்ணன் செய்தது" என்பார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். தோட்டம் துரவு உள்ளவர் ஏன் லாசாலுக்கு வந்து மா குழைக்கிறார்? திருகோணமலையை விட்டு வந்த நாளிலிருந்து யார் எதைச் சொன்னாலும் புரட்டிப் பார்ப்பவள் நான். லேபிள் யாரும் அடிக்கலாம்.

ஒருநாள் மாக் கையோடு, "அண்ணன் இன்னும் கன்ரீனாவே கதி என்று கிடக்கிறான்" என்றார். ஆள் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். ஊர் ஆஸ்பத்திரிக் கன்ரீனும் அதன் ஆறிப்போன ரோல்ஸும் கண்முன் வந்தன. வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னேன்.

"அவற்ற தமையன் கன்ரீன் நடத்துறாராம். தோட்டம் எண்டு சும்மா புளுகுறார்."

"நான் அப்பவே நினைச்சனான்" என்றார், ஒன்றும் நினைத்திராத என் கணவர்.

அந்த ஓகஸ்ட் கடைசியில் முதலாளி பிரெஞ்சில் எழுதிய ஒரு கடதாசியோடு வந்தார். திராட்சை வெட்டுக்கு ஊருக்குப் போகவேண்டும், ஆறு கிழமை கடையை நான் பார்க்கவேண்டும், அதற்குக் கையெழுத்து. "இந்த முறை மட்டும், மடாம். உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை." அந்த 'இந்த முறை மட்டும்' எனக்குச் சரியாகப் படவில்லை. கடையை என் தலையில் கட்டிவிட்டு ஆள் நழுவப்போகிறார் என்று முடிவு கட்டினேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த மகள் ஒரு நிமிடத்தில் வாசித்துச் சொல்லியிருப்பாள். அவளிடம்கூடக் காட்டவில்லை. மறுநாள் கடதாசியைத் திருப்பிக் கொடுத்து, ஏலாது என்றேன். அவர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வெங்காயம் வெட்டத் தொடங்கினார். ஊருக்குப் போகவில்லை.

அடுத்த வருடம் அவருடைய ஊரிலிருந்து வைன் பெட்டி வந்தபோது ஒரு போத்தலைத் துடைத்து எனக்குத் தந்தார். அன்றுதான் லேபிளைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். கல்வீட்டின் கீழே சின்ன எழுத்தில் 'கன்ரீனா' என்றிருந்தது. இதுவா உங்கள் அண்ணனின் கன்ரீன் என்று கேட்டேன்.

"வைன் செய்து வைக்கும் இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்" என்றார். "போன வெட்டோடு அண்ணன் எல்லாவற்றையும் விற்றுவிட்டான். அதுதான் கடைசி என்று எனக்கு அப்போதே தெரியும்."

விற்கப்போவதை அவர் முன்பு என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஏன் கையெழுத்து வைக்கவில்லை என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. வேலைக்குப் பயந்தேன் என்று நினைத்திருப்பார். நானும் அதைத் திருத்தவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

"அம்மா, இது இப்ப புளிச்சிருக்கும், ஊத்திவிடுவம்" என்று மகள் அடிக்கடி சொல்கிறாள். புளித்திருந்தால், அந்த மனுசனிடம் ஒரு குறையாவது கண்டுபிடித்தேன் என்று என் மனம் ஆறிவிடும். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம், அதனால் திறக்க விடுவதில்லை. துடைத்து, லேபிள் முன்னுக்குத் தெரியத் திரும்ப வைக்கிறேன்.