கம்பியைப் பிடுங்கிய மத்தியானம்

மகளின் மடிக்கணினி இன்று அப்படியே நின்றுவிட்டது. அணைத்துப் போடலாம் என்று அவள் விரல் போனதும், என்னை அறியாமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். எரிச்சலாகப் பார்த்தாள். விளக்க எனக்கும் அலுப்பு. உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய சில வருடங்கள், இலங்கை மலையகத்தில் நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆபிஸில் கணினி கிளாக்கராக இருந்தேன். பெயர்தான் பெரியது, பாதி நாள் தூசி தட்டுவதுதான் வேலை. ஆபிஸில் ஒரு கணினி, கூப்பிடு தூரத்தில் தேயிலை பெக்டரியில் இன்னொன்று, நடுவே ஒரு கம்பி. அங்குள்ள கோப்புகளை இங்கிருந்தே திறக்கலாம். மழை பெய்தால் இணைப்பு போய்விடும்; வராத பதிலுக்காக என் கணினி அசையாமல் காத்துக் கிடக்கும். கொழுந்து வாடும் வாசம் எங்கே வந்தாலும் திரையில் அசையாமல் நின்ற அந்த மணற்கடிகாரக் குறிதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் மாரியாயி வந்தாள். பெக்டரியில் வேலை பார்த்த அவள் புருஷன் இராமையா நெஞ்சுவலியில் இறந்து இரண்டு வாரம்தான். மறுநாள் கருமாதி. வைத்துக் கும்பிட ஒரு படம் இல்லை. அடையாள அட்டைகூட அவன் எடுத்திருக்கவில்லை. தோட்டத்து உதவி மேனேஜரான சின்னதுரை புதுக் கேமராவைச் சோதிக்க அவனை ஒருமுறை படம் பிடித்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. தேடினேன். பெக்டரிக் கணினியில் இருந்தது. திறந்தேன், தேயிலைத் தூசி படிந்த மீசையோடு இராமையா கூச்சமாகச் சிரித்தான்.

என் கணினியில் சேமிக்கப் போன நேரம் இடி விழுந்தது. பெக்டரிக் கணினி கருகிவிட்டதாக ஆள் ஓடிவந்து சொன்னான். என்னுடையது உறைந்துபோய், படம் மட்டும் திரையில் நின்றது.

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். மாத அறிக்கை அனுப்பும் அவசரம் அவருக்கு.

"ஐசே, நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் போடும்."

நிறுத்தினால் இந்தப் படம் எங்குமே இருக்காது என்றேன். அவர் திரையைப் பார்த்தார், மாரியாயியைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எதைத் தொடவும் பயம். காத்திருந்து அலுத்துப்போய், கணினிக்குப் பின்னால் கைவிட்டு அந்தக் கம்பியைப் பிடுங்கினேன். இணைப்பே இல்லை என்று தெரிந்தால் காத்திருப்பதை அது விட்டுவிடும் என்று ஒரு குருட்டு நம்பிக்கை.

"அவரு போயிட்டாருங்களா, ஐயா?" என்றாள் மாரியாயி.

திரையைக் காட்டினேன்; படம் இன்னும் நின்றது. கொஞ்ச நேரத்தில், பாதை கிடைக்கவில்லை என்று ஓர் அறிவிப்பு திரையில் வந்தது. அதை மூடியதும் மவுஸ் நகர்ந்தது. படத்தை என் கணினியிலேயே சேமித்து, சாதாரணத் தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். முந்தானைக்குள் பொதிந்துகொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

பிறகு நான் பதுளைக்கு வேலை மாறிப் போனேன். பெக்டரியை மூடினார்கள்; ஆபிஸ் கணினியைப் பழைய இரும்புக்காரன் ஏற்றிப் போனானாம். அதே படத்தை இன்னொரு தாளில் கேட்டு வந்த மாரியாயி பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினாள் என்று பெரிய கிளாக்கர் பசறை பஸ்ஸில் சொன்னார்.

அந்த வாரமே அவள் லயத்து வீட்டுக்குப் போனேன். தாள் சுவரில்தான் இருந்தது. அடுப்புப் புகையிலும் ஈரத்திலும் மை கரைந்து, மீசையும் இல்லை, சிரிப்பும் இல்லை. நெற்றி இருந்த இடத்தில் மட்டும் சந்தனப் பொட்டு இன்னும் காயாமல் இருந்தது.