ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

தாம்பரம், கேளம்பாக்கம், காட்டாங்குளத்தூர் என்று எங்கள் மருத்துவமனைக்கு மூன்று கிளைகள். மூன்றிலும் மூன்று விதமான கம்ப்யூட்டர் புரோகிராம். நோயாளி பஸ் பிடித்து வந்து சேர்ந்துவிடுவார், அவருடைய ரிப்போர்ட் வந்து சேராது. மூன்றையும் ஒன்றாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. பெயர், கணவர் பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று விதி எழுதிவிட்டு, பெரிய மேதாவி மாதிரி திரிந்தேன்.

புதிய ஏற்பாடு தொடங்கிய திங்கட்கிழமையே மானம் போனது. பித்தப்பைக் கல்லை எடுக்க கேளம்பாக்கம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு மீன்கார அம்மா தாம்பரம் வந்திருந்தார். அவருடைய பித்தப்பையைப் போன வருஷமே எடுத்தாயிற்று என்றது கம்ப்யூட்டர். யாரோ இருவரைக் கலந்துவிட்டீர்கள், இதில் உள்ள ரத்த வகை யாருடையது என்று தெரியாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்றார் சர்ஜன். அவர் வருவது வாரத்தில் அந்த ஒரு நாள்தான். அந்த அம்மாவோ மூன்று மாதமாக வலியில் துடித்தவர், காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கேளம்பாக்கம் கவுன்ட்டரைத் திட்டுவதற்குப் போனைக் கையில் எடுத்துக்கொண்டே அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வலியோடு சிரித்தார்.

"இல்லாத பையி இன்னாத்துக்கு சார் வலிக்கிது?"

பிறகு அவரே முடிச்சை அவிழ்த்தார். ஒன்றாம் வகுப்பில் ஊர் அம்மன் பெயரோடு நாலு பெண்கள். பிறந்த தேதி யாருக்கும் தெரியாததால் தலைமையாசிரியர் நாலு பேருக்கும் ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டார். அவர்களில் இவருக்கும், போன வருஷம் பித்தப்பை எடுத்த இன்னொருவருக்கும் கணவர் பெயரும் ஒன்றாகிவிட்டது.

"அம்மா பேர கேளு சார். அது மட்டும் வேற வேறயா கீது."

திட்டு வாயிலேயே நின்றுவிட்டது. எங்கள் மூன்று புரோகிராம்களிலும் அம்மா பெயருக்கு இடமே இல்லை. கேளம்பாக்கத்தில் பழைய காகிதக் கோப்புகளைப் புரட்டி வீட்டு எண்ணைப் பார்க்கச் சொல்லி இருவரையும் பிரித்தேன். ரத்தம் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். சர்ஜன் தலையாட்டியபோது எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

புதிதாகச் சேர்த்த கட்டத்தை நிரப்ப, ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவரிடம் அம்மா பெயரைக் கேட்டேன். சொன்னார். பேப்பரில் எழுதிக்கொண்டு, சரிதானா என்று சத்தமாகப் படித்தேன்.

"எங்கம்மா பேர யாரும் கேட்டதே இல்ல சார். இன்னொரு வாட்டி படி."

தியேட்டர் கதவு வரைக்கும் கூடவே நடந்து, படித்துக்கொண்டே போனேன்.